பச்சை பெல்ட்டில் ஆறாவது ஓட்டை

போடிநாயக்கனூர்
2 ஜூன் 2025

அன்புள்ள ஜெபாவுக்கு,

தோத்திரம். மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, என் பச்சை பெல்ட்டில் ஆறாவது ஓட்டை போடுவது என்று முடிவாகியிருக்கிறது. கூட்டத்தில் நான், அக்கா அன்னத்தாய், கடைக் கணக்கர் சுருளிராஜன் ஆகியோர் கலந்துகொண்டோம். புது பெல்ட் வாங்கலாம் என்பது அக்காவின் கட்சி. சணல் கயிறு போதும் என்பது சுருளியின் கட்சி. இரண்டையும் நான் நிராகரித்தேன். ஏலக்காய்ச் சாக்குத் தைக்கும் ஊசியைச் சூடாக்கி ஓட்டை போடப்பட்டது. விழா இனிதே முடிந்தது.

காரணத்தையும் சொல்ல வேண்டும். கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. இரண்டு முடிந்தது. மருந்து நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கிறது. முடி போய்விட்டதால் சீப்பு மிச்சம். அறுபத்தாறு கிலோ இருந்தவன் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டேன். கடையின் எடை மெஷினில் இரண்டு மூட்டைகளுக்கு நடுவே ஏறி நின்று பார்த்தேன்.

இதை முன்பே எழுதியிருக்கலாம். எழுத வேண்டிய அளவுக்கு மெலியவில்லை.

நீ எட்டு வருடம் முன்பு மூன்று மாதப் பயிற்சிக்கென்று சென்னை போனாய். பயிற்சி நல்லபடியாக நடக்கிறது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
எபனேசர்


சென்னை
6 ஜூன் 2025

அன்புள்ள அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் வாய் திறந்தால் சண்டை வருகிறது, இனி எழுதிக்கொள்ளுங்கள் என்று அன்றைக்குப் பாஸ்டர் சொன்னார். அதனால் எழுதியே கேட்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிப் பிரிவில் உங்களைப் போன்றவர்களைத்தான் தினமும் எடை போடுகிறேன். புற்றுநோய் வந்த உடம்பு தன் சதையைத் தானே தின்னும். சாப்பாடு போட்டு அதை நிறுத்த முடியாது. இதயமும் சதைதான். அதுவும் மெலியும். போதாததற்கு, நீங்கள் சர்பத் என்று எழுதிய சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தையே கெடுக்கும். பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்கள்.

ஊசிக்கு முன் இதய ஸ்கேன் எடுத்தார்களா? சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது? திங்கள்தோறும் காலையில், வெறும் வயிற்றில், அதே மெஷினில் எடை பாருங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஜெபா


போடி
16 ஜூன் 2025

அன்புள்ள ஜெபாவுக்கு,

உன் கேள்வித்தாளுக்கு விடைகள்.

எடை ஐம்பத்தாறரை. நாற்காலித் தேர்வில் ஒன்பது. பத்தாவது தடவை சுருளி தூக்கிவிட்டதால் அதைச் சேர்க்கவில்லை. நேர்மையாக எழுதுகிறேன்.

இதய ஸ்கேனுக்குச் சீட்டு கொடுத்தார்கள். அது வேதாகமத்தில் புலம்பல் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. கட்டி கழுத்தில். அதற்கு இதயத்தை ஏன் படம் எடுக்க வேண்டும் என்று யோசித்தேன். ஸ்கேன் ஆனதா என்று நர்ஸம்மா கேட்டபோது ஆனது என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது ஊசியும் போட்டாகிவிட்டது.

அக்கா தினமும் ஆட்டுக்கால் சூப் வைக்கிறாள். "குடி தம்பி, சென்னையில இருந்து வந்தா ஊத்தப் போறாக?" என்கிறாள். உன் பெயரைச் சொல்வதில்லை. மரியாதையாகத்தான் சொல்கிறாள்.

எபனேசர்


சென்னை
20 ஜூன் 2025

அவர்களுக்கு,

சீட்டை வேதாகமத்திலிருந்து வெளியே எடுங்கள். மதுரைக்கு எடுத்துப் போங்கள். அடுத்த ஊசிக்கு முன் ஸ்கேன். நர்ஸிடம் பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவர்கள் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் கேட்டிருப்பார்கள்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜெபா


போடி
14 ஜூலை 2025

அன்புள்ள ஜெபாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். வந்துவிட்டது.

நான்காவது ஊசி முடிந்து பத்து நாள். போன திங்கள் ஐம்பத்தொன்பது. இன்று அறுபத்திரண்டரை. உடம்பு தன்னைத் தானே தின்னும் என்று எழுதியிருந்தாயே, வயிறு நிறைந்து நிறுத்திக்கொண்டது போலிருக்கிறது. ஆறாவது ஓட்டைக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். இப்போது மூன்றாவது. தொப்பையும் திரும்பி வந்துவிட்டது. பாதமும் சதை போட்டதால் செருப்பு பற்றவில்லை, ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். இந்த வயதில் கால் வளரும் என்று யார் கண்டார்கள்! "ஆண்டவர் கண்ணத் தொறந்துட்டாரு" என்று அக்கா சபையில் சாட்சி சொன்னாள். கை தட்டினார்களாம்.

சூப்பினால் வந்த மந்தம்தான் கொஞ்சம். படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து தூங்கப் பழகிவிட்டேன். பேசினாலும் நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது. நாம் எழுதிக்கொள்வது இந்த வகையில் வசதி.

வியாபாரம் சுமார். சனிக்கிழமை ஒருவன் முப்பது மூட்டை ஏலக்காய் கொண்டுவந்தான். எடை தூக்கலாக இருந்தது. ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கினேன். காய்ந்த காய் என்றால் உள்ளே விதை குலுங்கும். இது சத்தமே போடவில்லை. "ஏலே, தண்ணிய எங்கிட்ட எடை போட்டு விக்கப் பாக்குறியா? முப்பது வருசமா இங்கன உக்காந்திருக்கேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அதைச் சொல்வதற்கு மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவன் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்கேன் எடுக்கவில்லை. இனித் தேவைப்படாது.

எபனேசர்


சென்னை
17 ஜூலை 2025

அவர்களுக்கு,

காலையில் உங்கள் கடிதம் வந்தது. நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடைக்குப் போட்டேன். சுருளிதான் எடுத்தார். "அண்ணாச்சி நல்லா தேறிட்டாக. பாஸ்டர் சொன்னத மீறக் கூடாதுன்னு போன எடுக்க மாட்டேங்கிறாக" என்றார். உடனே தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். "உடம்பு தேறினவுகள எதுக்குக்கா ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டார்.

முப்பது மூட்டையைக் காதால் கண்டுபிடித்தீர்கள். அதே வேலையை உங்களிடம் செய்யுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலால் அழுத்தி, எடுத்துவிட்டு எண்ணுங்கள். பள்ளம் நிரம்ப எத்தனை ஆகிறது என்று பாருங்கள்.

நீங்கள் தேறவில்லை. இதயம் இறைக்க முடியாமல் உடம்பில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அடியில் சதை கரைந்துகொண்டேதான் இருக்கிறது. தண்ணீரைத்தான் மெஷினில் ஏற்றி எடை போட்டிருக்கிறீர்கள்.

இன்று சாயங்காலப் பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன் நான் வந்துவிடுவேன். ஆனாலும் விதிப்படி எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறேன்.

ஜெபா


போடி, முன்னறை
4 ஆகஸ்ட் 2025

பின்னறையில் இருக்கும் ஜெபாவுக்கு,

தோத்திரம். உன் கடிதம், நீ என்னைத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது வந்து, கதவிடுக்கில் கிடந்தது. இன்றுதான் படித்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எழுதுவதற்கு அக்கா சிரிக்கிறாள். நம் பாஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். விதியைத் தளர்த்த ஆள் இல்லை. இரண்டு வாரமாக நீ "மாத்திரை", "உப்பு வேண்டாம்" என்ற இரண்டைத் தவிர வேறு பேசவில்லை என்பதையும் கவனித்தேன். சண்டை வரவில்லை. அந்த இரண்டில் சண்டை போட இடமில்லை.

நீ சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். இப்போது பள்ளம் விழவில்லை. எலும்புதான் தட்டுப்படுகிறது. ஆறு நாளில் பதினோரு கிலோ தண்ணீர் இறக்கினார்கள். ஐம்பத்தொன்றரையோடு வீடு வந்தேன். அந்த முப்பது மூட்டைக்காரன் கடை வாசலில் விசாரித்துவிட்டுப் போனானாம். சுருளி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவன் சிரிக்கவில்லையாம். சிரித்திருக்கலாம்.

ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. இதயம் இறைக்க வேண்டியதில் பாதிகூட இறைக்கவில்லை என்று அங்குள்ள டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. நீ திரையைப் பார்த்தாய், பிறகு ஜன்னலைப் பார்த்தாய். சிவப்பு மருந்து இனி கிடையாது. அதற்குப் பதில் கொடுக்கும் மருந்து அவ்வளவு கேட்காதாம். கட்டி கையில் மறுபடி தட்டுப்படுகிறது. இதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

எத்தனை நாள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். உன் ஆராய்ச்சியில் என் மாதிரி நிறையப் பேரை எடை போட்டிருப்பாய். உனக்குத் தெரியும். எழுது. பதிலை மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தால் போதும்.

உன் விடுப்பு சனிக்கிழமையோடு முடிகிறது என்று போனில் பேசிக்கொண்டிருந்தாய். காதில் விழுந்தது. பஸ்ஸுக்குச் சுருளியை டிக்கெட் எடுக்கச் சொல்லட்டுமா?

எபனேசர்


போடி, பின்னறை
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அவர்களுக்கு,

இன்று காலை எடை ஐம்பது கிலோ எழுநூறு கிராம். வெறும் வயிற்றில், கடை மெஷினில். மாத்திரைகளில் மாற்றம் இல்லை. உப்பு வேண்டாம்.

கட்டி திரும்ப வந்திருப்பது எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது பார்த்தேன்.

பெல்ட்டில் ஏழாவது ஓட்டை போட்டிருக்கிறேன். சாக்கு ஊசிதான்.

டிக்கெட் எடுக்க வேண்டாம். விடுப்பை நீட்டக் கேட்டு முந்தாநாளே ஆபீஸுக்கு எழுதினேன். விண்ணப்பத்தில் எத்தனை நாள் என்ற கட்டத்தில் மூன்று மாதம் என்று போட்டேன். இன்று அனுமதி வந்துவிட்டது.

ஜெபா