பெயரைக் கேட்பதற்குள்

க்ருஷ்கோவோ, மார்ச் 9

அன்பு மகள் தெசங்காவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், பசு நலம், உன் அம்மா கல்லறைமேல் பனி உருகிவிட்டது. நார்வேயில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஒக்னேனும் பாப்பாவும் குளிருக்கு அடக்கமாகச் சுகமாயிருக்க வேண்டும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது என் சொந்தக் கையெழுத்து! ஆடு மேய்த்த காலத்தில் படிக்காததை எழுபத்து நான்கு வயதில் படித்துவிட்டேன். நீ போனை எடுப்பதில்லை, வேறு என்ன செய்வேன். தபால்காரி ஸ்தானா தினமும் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அரைமணி சொல்லிக் கொடுத்தாள். முதல் வாரம் என் எழுத்தைப் பார்த்து, "என்ன மாமா, கோழி கெளறுன குப்பையாட்டம் இருக்கு, இதப் படிக்க கோழியத்தான் கூப்பிடணும்" என்று சிரித்தாள். இப்போது ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது, ஆனாலும் ஆசை அடங்கவில்லை, அடுப்புச் சுவரில்கூடக் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போன மே மாதம், நீங்கள் நார்வே போகுமுன், நம் நாட்டில் ஒக்னேனின் பள்ளிக்கூடத்தில் ஒருவன் சுட்ட பிறகு அரசாங்கம் கெடு வைத்ததே, உரிமம் இல்லாத துப்பாக்கியை ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் கேள்வி இல்லை, அப்புறம் கண்டால் சிறை என்று. நானும் கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். பக்கத்து வீட்டு மிலுன், "குடுத்துட்டு? இனிமே கல்யாணத்துல கம்பத்து ஆப்பிள மாப்பிள்ளை என்ன, கல்லால அடிப்பானா?" என்று கேலி செய்தான். உன் கல்யாணத்தில் நம் வழக்கப்படி மாப்பிள்ளை கம்பத்து உச்சி ஆப்பிளைச் சுட்டு வீழ்த்திப் பெண்ணை அழைத்துப் போன துப்பாக்கி, என் அப்பாவுடையது, மனசு வரவில்லை. பிளம் சாராயப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நவம்பரில் நீ கூப்பிட்டு, "அப்பா, பொம்பளப் புள்ள, பேரு..." என்று தொடங்கினாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவதுதானே நம் வழக்கம், நீ பிறந்தபோது உன் தாத்தா சுட்டார். உனக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடி மூன்று முறை சுட்டேன். திரும்பி வந்து காதில் வைத்தால் ஒக்னேன் அலறுகிறான். "மேசைக்கு அடியில போயிட்டான்ப்பா, அன்னிக்கி மாதிரியே. குடுத்துட்டேன்னு சொன்னீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

மறுநாளே சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். காவல் நிலையத்தில் இருந்த காவலன், "பெருசு, கெடு முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு, இப்ப வாங்குனா கேஸ்தான்" என்றான். போட்டுக்கொள், நான் இதைத் திரும்பத் தூக்கிப் போக மாட்டேன் என்றேன். அன்று கைநாட்டுத்தான் வைத்தேன். பிப்ரவரியில் நீதிபதி ஆறு மாதச் சிறை சொல்லி, ஓராண்டு ஒழுங்காக இருந்தால் போக வேண்டியதில்லை என்றார். அந்தத் தாளில் என் பெயரை நானே எழுதினேன் மகளே, வழக்கில் தோற்றவன் இப்படிச் சிரித்து அவர் பார்த்திருக்க மாட்டார்! துப்பாக்கி ஒப்படைத்த ரசீது இதோடு இருக்கிறது, ஒக்னேனுக்குக் காட்டு, ஆனால் இங்கே வரச் சொல்லி வற்புறுத்தாதே, அவனுக்கே தோன்றும்போது வரட்டும்.

ஞாயிறுதோறும் உனக்குப் போன் போட்டு, மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருக்கிறேன், அதுவும் உன் வீட்டுச் சத்தம்தானே. துப்பாக்கியைக் கொடுத்ததிலிருந்து மிலுன்கூட வருவதில்லை. பாப்பாவுக்குக் காது மூடும் தொப்பி போடு, நீ வேளைக்குச் சாப்பிடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒக்னேனுக்கும் ................... க்கும் என் ஆசிகள். அந்த இடம் பாப்பாவுக்கு விட்டது. நீ பெயர் சொன்னபோது நான் சுட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, நானே படித்துக்கொள்வேன்.

உன் அப்பா,
ரதிசாவ்