பின்பக்க லிவரும் நீலப் பொடியும்

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் துப்பாக்கியோடு பேசுவதில்லை. அதை அளக்கிறேன். அளக்கும்போது எண்களை வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம். உன் அப்பாவின் துப்பாக்கி வரைபடங்களுக்கு மை போட ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். ஒட்டுக்கேட்டவளுக்கு அது பேச்சாகக் கேட்டிருந்தால் நான் பொறுப்பில்லை. கான்வென்ட்டில் கணக்கு சிஸ்டர், அரை மில்லிமீட்டர் பிசகினால் விரல் முட்டியில் ஸ்கேலால் போடுவார். அந்த முட்டிகள் இன்னும் தடுமாறவில்லை, புத்தியும்தான்.

இங்கே நலம். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவன் பழுதுபார்த்ததை விடப் பேசியதுதான் அதிகம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. வெர்னியர் அளவுகோலின் கடைசிக் கோடு வரை இப்போது தெரிகிறது. நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என் கண்ணைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறேன்.

அப்பாவின் பட்டறை அறையில் இரண்டு குட்டைத் துப்பாக்கிகளும் நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன. குழலைத் தவிர எல்லா உறுப்பும் டிரிகருக்குப் பின்னால், தோள்கட்டைக்குள்ளேயே அடங்கிய அந்த ஏர் ரைஃபிள்தான். ஒன்று அவருடையது, ஸ்பிரிங்கை இழுத்து ஏற்றும் லிவர் முன்னால். மற்றது உன்னுடையது, லிவர் பின்னால், கன்னத்தை ஒட்டி. முன்னால் வைத்தால் ஸ்பிரிங்கை எட்ட நீளக் கம்பி ஒன்று வேண்டும், அது கடகடக்கும், எடை கூடும் என்றாய் நீ. அவர் சாப்பிட்ட தட்டில் கை காய உட்கார்ந்து, லிவரை ஒரு கை பிடிச்சிருக்கும்போதுதான்டா இன்னொரு கை குண்டு வைக்க உள்ளே போகணும், பின்னால வெச்சா எந்தக் கையால பிடிப்பே, காதாலயா என்று கேட்டார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் மூன்றாம் தேதி மத்தியானம் தூசி தட்டப் போனபோது, உன் துப்பாக்கியின் லிவர் முழுக்க இழுத்துத் திறந்து கிடந்தது. காலையில் மூடியிருந்ததை நானே பார்த்தேன். அறைக்குச் சாவி ஒன்றுதான், அது என் கைப்பையில். பதினெட்டுக் கிலோ இழுப்பு அது. நான் இரண்டு கையாலும் தொங்கினாலும் பாதிக்கு மேல் வராது. மூடிவிட்டுப் பூட்டினேன். மறுநாளும் திறந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

நம் பழைய ஃபிட்டரை வரவழைத்தேன். பூனை கீனை இழுத்திருக்குமா என்று கேட்டேன். இதை இழுக்கணும்னா அது பயில்வான் பூனையா இருக்கணும்மா என்றார். பிரித்துப் பார்த்தார். இழுத்த லிவரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி சரியாக இருந்தது, ஸ்பிரிங் சரியாக இருந்தது. ஸ்பிரிங் லிவரை மூடத்தான் பார்க்கும், ஒரு நாளும் திறக்காது, கை படாம இது நடக்காதும்மா என்று சொல்லி, மாட்டி மூடி வைத்தார். நான் பூட்டினேன். வெளியே உட்கார்ந்து டீ குடித்தோம். அரை மணி கழித்துத் திறந்தால் லிவர் திறந்து கிடந்தது. மனிதர் இரண்டாவது பிஸ்கட்டைக் கையிலேயே பிடித்தபடி கிளம்பிவிட்டார். மூக்குக்கண்ணாடி இன்னும் இங்கேதான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால், புதிதாக வாங்கிவிட்டேன் என்கிறார்.

அப்போதுதான் உன் அப்பாவின் முறை நினைவுக்கு வந்தது. புதுத் தோள்கட்டை செய்தால், சுடுபவரின் உள்ளங்கையில் நீலச் சாக்பொடி தடவி இருபது முறை இழுத்துச் சுடச் சொல்வார். பிறகு நீலம் ஒட்டிய இடங்களைப் பார்த்து, கை எங்கே போக விரும்புகிறது என்று தெரிந்துகொள்வார். நான் அதைத் தலைகீழாக்கிச் செய்தேன். லிவரிலும் கட்டையிலும் குண்டு வைக்கும் வாயின் விளிம்பிலும் பொடியை மெல்லிசாகத் தூவிவிட்டுப் பூட்டினேன்.

திறந்து பார்த்தபோது பொடி கலைந்து, வலது கை ஒன்றின் அடையாளம் பதிந்திருந்தது.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அது போய்ச் சேர்ந்த உன் அப்பாவின் கை என்றே நினைத்தேன். அன்று மேஜையில் இரண்டு கோப்பை டீ வைத்தேன். என் வயதில் என் கர்வத்தோடு ஒருத்தி அப்படிச் செய்தாள் என்பதை நீ உன் அக்காவிடம் சொல்லாதே.

ஆனால் அளக்காமல் எதையும் நம்புகிறவள் நான் இல்லை. பட்டறையில் எல்லோருடைய கையையும் நீலத்தில் பதித்து வைத்த நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். அவர் கை இல்லை. ஃபிட்டர் கை இல்லை. நோட்டின் பதினோராம் பக்கம், சைக்கிளிலிருந்து விழுந்து கோணலாகப் போன சுண்டுவிரல் உள்பட, கால் மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் பொருந்தியது. அது உன் பக்கம்.

தினமும் பொடி தூவினேன், தினமும் தாளில் பிரதி எடுத்துத் தேதி போட்டேன். ஒவ்வொரு நாளும் அதே வரிசைதான். நான்கு விரல் லிவரை இழுத்து விடும். பிறகு அதே கையின் கட்டைவிரல் வாய்க்குள் குண்டு வைக்கப் போகும். அந்த நேரத்தில் லிவரை யாரும் பிடித்திருக்கவில்லை. இடது கை துப்பாக்கியின் எடையைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டுமே, வேறு எப்படி முடியும்? கொக்கி ஒரு தடவை நழுவினால் போதும், விரல் உள்ளே இருக்கும்போதே வாய் அறைந்து மூடிவிடும்.

இதை நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். உன் வரைபடத்தில் "சரிபார்த்தது" என்ற கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து. நான் துப்பாக்கியைப் பட்டறை மேஜையின் வைஸில் இறுக்கி வைத்துச் சரிபார்த்தேன். வைஸ் பிடித்துக்கொண்டதால் எனக்கு இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒரு கையால் லிவரைப் பிடித்தேன், மறு கையால் குண்டு வைத்தேன், எல்லாம் அழகாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு முறையாவது தோளில் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உன் அப்பாவுக்கு எதிராக நீ ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்திருக்கிறது. தப்பு என்னுடையது. இதை நான் யாரிடமும் இதற்கு முன் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வரை பதிந்த கட்டைவிரல் முழுதாக இருந்தது. புதன்கிழமை பதிந்ததோ நுனி இல்லாமல், மேல் கணு வரைக்கும்தான் இருக்கிறது. வியாழனும் அப்படியே. மூன்று தடவை அளந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து லிவர் மூடியே கிடக்கிறது. பொடி தூவியது தூவியபடி இருக்கிறது.

சனிக்கிழமை தேதியிட்ட உன் கடிதம் நேற்று வந்தது. டைப் செய்திருந்தது. நலமாக இருக்கிறாயாம், வேலை மும்முரமாம், உன் தொழிற்சாலையில் பின்பக்க லிவர் வைத்துச் செய்யும் முதல் ஐம்பது துப்பாக்கிகளும் கொஞ்சம் தாமதமாகுமாம். கீழே உன் மனைவி உனக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் அவளே எடுத்து, தூங்குறார் அத்தை என்றாள். முதல் முறை காலை பதினோரு மணி. அவள் நல்ல பெண், அவளைக் கோபிக்காதே. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

அந்த ஐம்பதையும் வெளியே அனுப்பாதே. லிவரை முன்னால் கொண்டுவா. கம்பி கடகடத்தால் கடகடக்கட்டும். அங்கே உன்னிடம் வேலை செய்கிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். அப்பாவின் வரைபடத்துக்குப் புதிதாக மை போட்டு இதோடு அனுப்புகிறேன். இந்த முறை தோளில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். தோள் இன்னும் வலிக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

எனக்குப் பதில் எழுது. டைப் வேண்டாம், உன் மனைவி எழுத வேண்டாம். உன் வலது கையால், பேனா பிடித்து, இரண்டு வரி எழுது. எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் அம்மா