கழற்றிய சங்கிலி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

மரம் அரியும் மெசினின் சங்கிலியைத் தேட வேண்டாம். அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, என் தம்பியைப் பார்க்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

முந்தநாள் அவன் அரிந்த நம் வீட்டு வளவு வேம்புக்குள் போர்க்காலச் செல் குண்டின் இரும்புத் துண்டு இருந்தது. சங்கிலி அதில் பட்டதும் மெசின் அவன் முகத்துக்கே எகிறியது. மிச்ச மரத்தை இன்று நீங்கள் அரியப் போகிறேன் என்கிறீர்கள். முதலில் மரத்தைச் சோதியுங்கள், முகக்கவசமாவது போடுங்கள் என்றேன். "நான் என்ன மாப்பிள்ளையே, முகத்தைப் பாதுகாக்க? நீ தேத்தண்ணியைப் போடு" என்று சிரித்தீர்கள்.

தம்பியின் கண்கட்டை இன்று அவிழ்க்கிறார்கள். என்ன தெரிகிறது என்று டாக்டர் அவனைக் கேட்கும்போது என்னால் தனியே நிற்க முடியாது. அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி