வட்டத்துக்குள் வைத்த நிறைகுடம்

என் அன்பு மச்சான் சிவபாலா,

காலைப் பூசை முடிந்து, நெற்றியில் பூசிய திருநீறு உலருமுன்னே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஜெர்மனி முழுவதும் கால்பந்துக் கொடி கட்டிய கோடைக்குப் பின் வந்த மாரியில் நீ சிவபதம் அடைந்தாய். அதற்குப் பிறகு வுப்பர்டாலில் எத்தனையோ நடந்தன. இதை மட்டும் உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. திருவடி நிழலில் இருப்போர் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்று எந்த அடியாரும் பாடியதாக எனக்குத் தெரியாது. ஆகவே தாராளமாகச் சிரி.

கோயில் மலரில் இதை வாசிக்கும் அன்பர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். சிவபாலன் என் தங்கை பவானியின் கணவர். அவர்களின் ஒரே மகள் யாழினி, நுனியில் வலைப்பை கட்டிய கோலால் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடும் லக்ரோஸ் என்ற ஆட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் பழகியவள். பின்பு நம்முடைய பிள்ளைகளையும் ஜெர்மன் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பெண்கள் அணி கட்டினாள். அவள் பழக்குவாள், தகப்பன் ஓரத்தில் குடையோடு நின்று தொண்டை கிழியக் கத்துவார்.

நீ போனபின் அந்த ஓரம் வெறுமையாயிற்று. போன மாதம் உன் மகள் என்னிடம் வந்து, "மாமா, எனக்கு விளையாடத் தெரியும், பழக்கத் தெரியாது. பிள்ளையள் அப்பாவுக்காகத்தான் வந்தவை" என்றாள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பயிற்றுநர் இங்கே வந்து, சுற்றுவட்டாரப் பயிற்றுநர்களுக்குத் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள இருந்தார். அதைப் பார்த்தபின்னும் தனக்கு ஏலாது என்று தோன்றினால், அணியைப் பக்கத்து நகரத்துப் பெரிய கழகத்திடம் கொடுத்துவிடுவதென்று முடிவெடுத்து, அவர்களிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

"அங்கை போய்வர ரெண்டு ரயில் மாறவேணுமே, பிள்ளை?"

"ஓம் மாமா. அரைவாசிப் பேர் விட்டிடுவினம்."

நீ மழையில் நனைந்து வளர்த்த அணி, மச்சான். நான் அம்பாளிடம் விண்ணப்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பவானியின் கவலை வேறு. "படிப்பிக்க வாற மனிசி. குருவை வெறுங்கையோடை கூப்பிடுறதோ?" என்று குத்துவிளக்கும் சந்தனமும் பூமாலையுமாகப் புறப்பட்டாள். தமிழ்க்கடையில் மாவிலை இல்லை. அயல்வீட்டு அம்மையாரிடம் கேட்டு அவர் வேலியிலிருந்து மாவிலைபோல் நீண்ட லோர்பேர் இலை பறித்து, நிறைகுடத்தில் தேங்காயைச் சுற்றிச் செருகினாள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மாவிலைதான்.

மைதானத்தில் எங்களுக்கு முன் ஒருவரும் வரவில்லை. பந்து புகவேண்டிய கோல் கம்பங்களைச் சுற்றி வெள்ளைக்கோட்டில் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். என் தங்கை அதைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். வட்டத்தின் நடுவில் அரிசிமாவால் ஒரு கோலம் போட்டு, நிறைகுடத்தை வைத்து, விளக்கையும் ஏற்றிவிட்டாள்!

யாழினி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். "ஐயோ அம்மா! அந்த வட்டத்துக்குள்ளை எதிரணி ஆக்கள் ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது!"

"அப்ப நல்லதாப் போச்சு. ஒருத்தரும் தட்டி விழுத்தமாட்டினம்."

"இது பந்து போடுற கோல் அம்மா!"

"வாசல் மாதிரி ரெண்டு தூண், சுத்தி வட்டம். வேறை எங்கையடி வைக்கிறது?"

நான் யார் பக்கம் பேச? உன் மகளின் கண்கள் கலங்கியிருந்தன. அந்நேரம் பார்த்து விருந்தாளி வந்துவிட்டார். மார்த்தா என்று பெயர். நெடிய உருவம், நரைத்த கூந்தல். பவானி மாலையைச் சூட்டியதும் கும்பிட்டு ஏற்றுக்கொண்டு, குடத்தைப் பற்றி யாழினியிடம் விசாரித்தார். விவரம் கேட்டதும் சிரித்து, "விளக்கை மட்டும் ஓரமாக வையுங்கள். குடம் இருக்கட்டும். இன்று நாம் காக்கப்போவது இதைத்தான்" என்றார்.

நம் பழம்புலவர்கள் மதிலை வளைப்போருக்கு உழிஞைப் பூவையும் காப்போருக்கு நொச்சியையும் சூட்டினார்கள் அல்லவா? அன்று உழிஞையார் வந்திருந்த பயிற்றுநர்கள். நொச்சியார் உன் அணிப் பிள்ளைகள். ("துவங்கிட்டார் பிரசங்கம்" என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது.) ஒருத்தி தன் எதிரியைத் தவறவிட்டால் அடுத்தவள் தன் இடம் விட்டு நகர்ந்து அடைக்கவேண்டும், அவள் விட்ட இடத்தை இன்னொருத்தி அடைக்கவேண்டும் என்று மார்த்தா விளக்கினார். பெரிய கழகத்துப் பயிற்றுநர் ஸ்டெஃபான் பெருமூச்சு விட்டார்: தம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள் என்றார்.

ஆட்டம் தொடங்கியது. ஸ்டெஃபான் பாய்ந்து வந்தார். பல்லுக்குக் கம்பி கட்டிய ஜெர்மன் பிள்ளை ஆன்யா முதலில் கத்தினாள்: "மறி!" உடனே எல்லாப் பக்கமிருந்தும் "மறி! மறி!" அணி முழுவதும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்ந்தது. எத்தனை முறை வந்தாலும் குடத்தின் ஓர் இலைகூட அசையவில்லை.

மார்த்தா ஊதலை ஊதினார். "என்ன சொல்லிக் கத்துகிறார்கள்?"

யாழினி வட்டத்தைச் சுற்றி நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அது அப்பாவின் சொல்" என்றாள். கோட்டில் நின்று ஆளை மறிக்கும் கிளித்தட்டைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆட்டத்தைத்தான் நீ பயிற்சிக்கு முன் பிள்ளைகளுக்கு உடம்பு சூடேற வைத்திருந்தாயாம். எனக்கே அன்றுதான் தெரியும்.

"எனக்குக் காட்டு" என்றார் மார்த்தா.

அதன்பின் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் மகள் தாயிடமிருந்த அரிசிமாவை வாங்கிப் புல்லில் கோடுகள் இழுத்தாள். வந்திருந்த பயிற்றுநர்களைக் கோட்டுக்கொருவராக நிறுத்தினாள். "ஸ்டெஃபான், காலைப் பார்க்காதே, இடுப்பைப் பார்!" என்று அதட்டினாள். மார்த்தாவும் மாலையோடு ஒரு கோட்டில் நின்று, ஆன்யாவைத் தவறவிட்டபின் "மறி!" என்று கத்தினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்த்தாவும் தம் பாடத்தைக் கொடுக்காமல் விடவில்லை: கிளித்தட்டில் கை விரியும், இங்கே வலைக்கோல் நெஞ்சுக்கு நேரே உயர்ந்திருக்கவேண்டும் என்று ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துத் திருத்தினார். இருவரும் மாறி மாறிப் பழக்கினார்கள். தனக்குப் பழக்கத் தெரியாது என்பதை யாழினி மறந்தே போனாள்.

வடை சாப்பிடும்போது ஸ்டெஃபான் மெல்லக் கேட்டார்: பிள்ளைகளை எப்போது தம் கழகத்துக்கு அனுப்புவதாக உத்தேசம்?

"அனுப்பமாட்டன்" என்றாள் உன் மகள். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள்.

அவர் கோபிக்கவில்லை. "அப்படியானால் ஒருநாள் எங்கள் மைதானத்துக்கு வந்து அந்தக் கோடுகளைப் போட்டுக் காட்டுவாயா?" என்றார். அவள் சம்மதித்துத் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"மா எவ்வளவும் தாறன்" என்றாள் பவானி. "ஆனா அவையின்ரை வட்டத்துக்குள்ளை இனி நான் தலைகீழாய் நிண்டாலும் போகமாட்டன்."

ஒன்றை மட்டும் கேட்கிறேன், மச்சான். நீ அறிந்துதான் அவர்களைப் பழக்கினாயா? அல்லது உன்னால் சும்மா நிற்க முடியாமல் கத்தியதுதான் இப்படி முளைத்ததா? புறப்படும்போது பிள்ளைகள் குடத்து இலைகளை எடுத்துக் கூந்தலில் செருகிக்கொண்டார்கள். நொச்சி என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு ஆட்டம் இருக்கிறது. உன் குடையைப் பவானியிடம் வாங்கிவிட்டேன். நீ நின்ற அதே ஓரத்தில் நிற்பேன். பதிகம் பாடிப் பழகிய தொண்டை, முதற் சத்தம் இராகத்தோடு வந்தாலும் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மழை பெய்தாலும் அந்த ஓரம் இனி வெறுமையாய் இராது. இது அம்பாள் அறிய உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பவானியின் தமையன்,
உன் பிரசங்கி மச்சான்
கைலாசநாதன்