நம்ம நிறத்து ஆண்டவர்

இதைப் படிச்சதும் உடனே ஊருக்குக் கிளம்பி வந்துடாதடி கண்ணு, அத்தை சொல்றதைக் கேளு. கோயில் சுவத்துல இயேசுவை நம்ம நிறத்துல பாத்ததும் சனங்க கொதிச்சுப் போயிட்டாங்க. நீ திரை கட்டிட்டு வரைஞ்சதால ஆள் யாருன்னு தெரியலை. "வரைஞ்ச கையை ஒடிக்கணும்"னு கொயர் மாஸ்டர் கத்துறாரு. ஃபாதரும் நானும் உன் பேரை வெளிய விடலை.

எனக்குமே அங்க முட்டி போட வரலைடி. கண்ணை மூடினா பழைய செவத்த முகம்தான் வருது. இவ்வளவு காலமும் அவரைக் கும்பிட்டேனா, அந்த நிறத்தைக் கும்பிட்டேனான்னு என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஆண்டவர் எந்த நிறத்துல இருந்தாலும் உன்னைக் காப்பாத்தட்டும்.

உன் அத்தை

ஐயையோ, இப்பதான் ஞாபகம் வருது. படத்துக்குக் கீழே உன் பேரை எழுதியிருக்கியே! பூந்தொட்டிதான் மறைச்சிட்டிருக்கு. நாளைக்கு அதை நகத்தித் தரை கழுவுற முறை கொயர் மாஸ்டர் சம்சாரத்தோடது.