அடியில் காணாமல் போன கட்டைவிரல்

இன்று காலை சூளையைத் திறந்ததும் அந்தச் சூடான மண்வாசம் முகத்தில் அடித்தது. மூன்று கப்புகள் விரிசல் விட்டிருந்தன. "எத்தன ஒடஞ்சுது டீச்சர்?" என்று பின்னால் நின்று நீங்கள் கேட்டதுபோல் இருந்தது. திரும்பியே பார்த்துவிட்டேன். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. எனக்குத்தான் இன்னும் புத்தியில் ஏறவில்லை.

சிறையில் செராமிக் வேலை சொல்லித்தர, விருத்தாசலத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து வருவேன். உள்ளே சூளை கிடையாது. நீங்களெல்லாம் அச்சில் வார்த்துக் காயவைத்ததை, வேனில் வைக்கோல் பரப்பி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து சுட்டு, மறுவாரம் திருப்பித் தருவோம். உங்களுடையது வேப்பூர் பக்கம் லாரி ஓட்டிய கை. முதல் மாதம் தொட்டதெல்லாம் நசுங்கியது. "ஸ்டியரிங்னு நெனச்சிட்டீங்களா?" என்றேன். வகுப்பே சிரித்தது, நீங்களும்தான்.

மகளுக்கென்று ஒரு கப் செய்தீர்கள். ஈரம் காயுமுன் அதன் அடியில் கட்டைவிரலை அழுத்தினீர்கள்.

"ஜெயிலுக்கு வந்த அன்னிக்கு அவங்க மையில ரேகை எடுத்தாங்க. இது நானா வெக்கிறது டீச்சர்."

அது சூளையில் வெடித்துவிட்டது. உங்கள் முகத்தை நினைத்ததும் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணும் ஒடயலங்க" என்றேன். பட்டறையில் கிடந்த வேறொரு கப்பை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு!

அடுத்த முறை மனு போட்டு உங்களைப் பார்க்க வந்த மகள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாளாம்: "அடியில உன் வெரலு இருக்கும்னியேப்பா, காணமே? பொய்யா சொன்ன?"

அன்று நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "ஒடஞ்சுதுன்னா ஒடஞ்சுதுன்னு சொல்லுங்க டீச்சர். இன்னொண்ணு செய்ய மாட்டனா? எம் பொண்ணு என்னிய நம்புறது ஒண்ணுதாங்க எனக்கு மிச்சம்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் அடுத்த கப்புக்கு மண்ணைக் கரைத்தேன்.

இரண்டாவதும் உடைந்தது, சொன்னேன். "சரிங்க" என்று மறுபடி உட்கார்ந்தீர்கள். மூன்றாவது தேறியது. வாய் கொஞ்சம் கோணல்தான், ஆனால் அடியில் விரல் இருந்தது.

விடுதலையாகி எங்கள் பட்டறைக்கே வேலைக்கு வந்தீர்கள். இருந்தவரை, சூளை திறக்கும்போதெல்லாம் முதலில் கேட்டது அந்த ஒரே கேள்வியைத்தான். நான் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது கேட்க ஆளில்லை. உங்கள் காரியத்துக்கு வந்த அன்று, மகள் அந்தக் கோணல் கப்பில்தான் எனக்கு டீ கொடுத்தாள். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

இன்று சிறையில் வகுப்பு நாள். உடைந்த மூன்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். நல்லவற்றை எடுக்குமுன் இவற்றைத்தான் மேஜையில் வைப்பேன். இதில் ஒன்று, ஒருவர் தன் அம்மாவுக்காகச் செய்தது. அவரிடமும் உடைந்ததென்றே சொல்லிவிடுவேன்.

மண் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போகிறேன்.