பாஸானால் ஊருக்குப் போகணும்

6 மார்ச் 85, புதன்

மார்ச்சிலேயே இந்த வெயில். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பருத்திப்பட்டு ஏரி கண்ணுக்கு எதிரே பளபளவென்று இருந்து என்ன பிரயோசனம். புழுங்கலரிசி ஊறப்போட்டேன். இவருக்கு முதுகு வலி, தைலம்.

சாயங்காலம் ஸ்டெல்லா யோவானைக் கூட்டி வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப் அடிக்கிற என் பெண்ணுக்கு எத்தியோப்பியாக்காரன் எங்கே கிடைத்தான் என்று தெருவே கேட்கிறது. சர்ச்சில்தான். கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் குரல் கொடுக்க வந்தவன். மெட்ராஸ் காலேஜில் கடைசி வருஷம். சொந்தப் பெயர் யோஹான்னஸ், எனக்கு யோவான். மூன்று வருஷத்தில் தமிழ் பேசுகிறான். அவங்க ஊரில் தோசையைப் பாய் மாதிரி சுட்டு, ஒரே தட்டில் வைத்து எல்லாரும் பிய்த்துத் தின்பார்களாம். இங்கே அப்படி வைத்தால் இவர் ஒருத்தரே முடித்துவிடுவார், மீதிப் பேர் தட்டை நக்கணும் என்றேன். சிரித்தான். நல்ல சிரிப்பு.

பக்கத்து வீட்டுப் பட்டம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாக்கா, மாப்ள கருப்பா கீறாராமே?"

"எம் புருஷன நீ பாத்ததில்ல? கரண்டு போனா சிரிக்கச் சொல்லித்தான் எங்க கீறார்னு கண்டுபுடிக்கிறேன்."

தலை உள்ளே போய்விட்டது.

சிரிப்பு அதோடு சரி. படிப்பு முடிகிறதாம். ஜூன் கடைசிக்குள் பையன் நாட்டை விட்டுப் போக வேண்டுமாம். அங்கே சண்டை. அண்ணனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், போனால் இவனையும் பிடிப்பார்கள். கல்யாணம் பண்ணிவிட்டால் இங்கே இருக்கலாம்தானே என்றேன். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் விசா ஆபீசில் போய்க் கேட்பது என்று முடிவு.

8 மார்ச், வெள்ளி

காலை ரயில். நான், இவர், ஸ்டெ., யோ. நிற்கத்தான் இடம். ஒருத்தி யோவானையே பார்த்துக்கொண்டு வந்தாள், வில்லிவாக்கம் வரை. கண் வலிக்கலையா என்று கேட்டேன்.

ஆபீசர் ஒல்லியான மனுஷர். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மனுஷர் நல்லவர், சட்டம்தான் ஆகாதது. எனக்குப் புரிந்தவரை:

வெளிநாட்டுப் பெண் நம்ம ஆளைக் கட்டினால் மனுப் போட்டு இந்நாட்டுக்காரி ஆகலாம்.

வெளிநாட்டு ஆண் நம்ம பெண்ணைக் கட்டினால் அந்த வழி கிடையாது.

ரொம்ப வருஷம் இங்கேயே இருந்தால் வேறொரு மனு உண்டு. (இருக்க விட்டால்தானே ரொம்ப வருஷம்.)

கல்யாணத்துக்குத் தடை இல்லை. ஆனால் மாணவன் என்று கொடுத்த அனுமதி படிப்போடு சரி. அதற்கு மேல் கேட்டுப் பார்க்கலாம், டெல்லி நினைத்தால் உண்டு.

வயிறு எரிந்தது. எங்கள் தெருக்கோடி தனபால் கப்பல் வேலைக்குப் போனவன், மணிலாவிலிருந்து பெண்டாட்டியோடு திரும்பினான். அவள் எழுதிக் கொடுத்து இந்நாட்டுக்காரி ஆகிவிட்டாள். போன தேர்தலில் எனக்கு முன்னால் நின்று ஓட்டுப் போட்டாள். தங்கமான பெண், போடட்டும். தனபால் கட்டினால் உண்டு, என் பெண் கட்டினால் இல்லையா? தனபாலுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

கேட்டேவிட்டேன். ஆபீசர் பொறுமையாக, "பொண்ணு புருஷன் ஊருக்குப் போறதுதானேம்மா வழக்கம். சட்டத்தையும் அப்படித்தான் போட்டிருக்காங்க" என்றார்.

அதுவரை வாயே திறக்காத இவர், "நான் கூட்டிகினு போவலியே சார். நான்தான் இவ ஊட்டுக்கு வந்தேன்" என்றார்.

உண்மை. குத்தம்பாக்கத்திலிருந்து எங்கப்பா வீட்டுக்கு வந்த வீட்டோட மாப்பிள்ளை. கல்யாணமான நாளாய் அதை வைத்து இவரைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. இவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. இன்று சர்க்கார் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். குத்தம்பாக்கத்திலிருந்து வர விசா வேண்டாமே என்று ஆபீசர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானே சிரிக்கவில்லை.

எழுந்து வரும்போது ஆபீசர் ஒன்று சொன்னார். பரீட்சையில் ஏதாவது பேப்பர் நின்றுபோனால், திரும்ப எழுதும் வரை அனுமதியை நீட்டிக்கக் கேட்கலாமாம். ஸ்டெ. வாசலுக்குப் போய்விட்டாள். என் காதில் விழுந்தது.

10 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து யோவானைத் தனியே இழுத்து, ஒரே ஒரு பேப்பரில் கோட்டை விடப்பா என்றேன். வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான். வாழ்நாளெல்லாம் விளையாடினால் இதுதான். நிஜம் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

மத்திக் குழம்பு. உப்பு கூடிவிட்டது, கோபத்தில்.

15 மார்ச், வெள்ளி

பெண்கள் ஜெபக்கூட்டம், ரோசம்மா வீட்டில். சுற்றி வந்து ஒவ்வொருத்தரும் தங்கள் வேண்டுதலைச் சொன்னார்கள். மூட்டுவலி. வீட்டு மனை. ரோசம்மாவுக்கு, மகன் பத்தாவது பாஸாக வேண்டும். என் முறை. எங்கள் யோவான் ஒரு பேப்பராவது ஃபெயிலாகும்படி எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கணும் என்றேன்.

பாஸ்டரம்மா கண்ணைத் திறந்துவிட்டார். நான் காரணத்தைச் சொன்னேன், சட்டத்தையும் சொன்னேன். ரோசம்மா கேட்டால்தானே.

"இன்னா கிரேசு, எம் புள்ளைக்கு வேண்டிகினு கீறேன், அதே ஊட்ல ஒக்காந்து ஃபெயில் ஃபெயில்ன்றியே. தப்பிப்போயி எம் புள்ள மேல வுழுந்துச்சின்னா?"

"பேரு சொல்லித்தானே கேக்குறேன். ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியாதா?"

ஆமென் யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குள் சேதி ஸ்டெல்லாவுக்குப் போய்விட்டது. தட்டைத் தள்ளினாள். "அவர ஃபெயிலாக்கித்தான் எனக்குக் கட்டி வெப்பியா? அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்."

என்னைத் திட்டி என்ன. டெல்லியைத் திட்டு என்றேன். நல்லா படிக்கிற பிள்ளை தோற்கணும் என்று ஒரு தாயை வேண்ட வைக்கிறார்களே, அவர்களைத் திட்டு. கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சோற்றை இவர் சாப்பிட்டார்.

19 ஏப்ரல், வெள்ளி

புழுக்கம். யோவானுக்குப் பரீட்சை முடிந்தது, நேரே இங்கே வந்தான். எப்படி எழுதினாய் என்றேன். நன்றாக என்றான். பல்லைக் கடித்தேன். அவனே சொன்னான்:

"நீங்க சொன்னது விளையாட்டு இல்லன்னு ஸ்டெல்லா சொல்லிச்சிம்மா. கடைசி பேப்பர்ல பாதி விட்டுடலாம்னுதான் ஒக்காந்தேன். அண்ணன் படிப்ப நிறுத்திட்டு என்ன அனுப்பினாரு. அவரு சண்டையில கீறாரு. நான் எப்படிம்மா ஃபெயிலாவறது?"

மோர் கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன்.

12 ஜூன், புதன்

பாஸ். முதல் வகுப்பு. போன வாரமே சேதி வந்தது. அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று பட்டம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். பாதிதான் அது.

ரோசம்மா மகன் கணக்கில் போய்விட்டான். தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாவம் பையன். அதற்கும் நான்தானா?

யோவானுக்கு அதே காலேஜில் மேல்படிப்புக்கு இடம். அதைக் காட்டி ஸ்டெல்லாவும் அவனும் ஆபீஸ் போய் வந்தார்கள். படிப்பு உள்ளவரை அனுமதி, இரண்டு வருஷம். ஆக, கல்யாணம் உண்டு. என் மகளுக்கு இரண்டு வருஷத்துக்கு மாப்பிள்ளை! அப்புறம் என்னடி என்றேன். அதற்குள் சட்டம் மாறலாம் என்கிறாள். மாறாவிட்டால்? மறுபடியும் படிப்பாராம். தலை நரைத்துப் பேரப் பிள்ளை எடுத்த பிறகும் என் மருமகன் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் போவான் போலிருக்கிறது. இவருக்குச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புடவை எடுக்கணும். பூந்தமல்லியா, தி.நகரா? தையல்காரனுக்குச் சொல்லணும்.

16 ஜூன், ஞாயிறு

மழை வரும்போல் இருந்து வரவில்லை. சர்ச்சில் முதல் ஓலை வாசித்தார்கள். எத்தியோப்பியா தேசத்து யோஹான்னசுக்கும் பருத்திப்பட்டு ஸ்டெல்லாவுக்கும் விவாகம், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று பாஸ்டர் பெயர் படித்தார். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்பார்கள். அந்த வழக்கம் எனக்குப் பிடித்துவிட்டது. வேண்டாம் என்கிறவன் எழுந்து நின்று முகத்தைக் காட்டி, ஏன் என்று சொல்லணும். டெல்லி முகத்தை யார் பார்த்தது?

பின்னால் யாரோ இருமினார்கள். யாரடா அது என்று பார்க்கத் திரும்பினேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் எழுந்து நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. சபை முழுக்க என்னையே பார்க்கிறது. ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, பொண்ணோட அம்மாவுக்கே ஆட்சேபமா?"

"ஆமாங்கய்யா. புள்ளைங்க மேல இல்ல. அந்தச் சட்டத்து மேல. அதையும் சேத்து எழுதிக்கோங்க."

உட்காரவில்லை.